பிசிறு நீக்கிய துவக்கு

வேட்டைத் துவக்கின் குழலை மேசை வைஸில் பூட்டி இறுக்கிவிட்டு, இரும்பறுக்கும் வாளை வைத்து முதல் இழுப்பு இழுத்ததும் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வாளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கராஜ் கதவின் இடுக்கால் எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒருவரும் இல்லை. பங்குனி மாதத்துச் சனிக்கிழமைக் காலை. ஓரங்களில் கறுத்துக் கிடந்த பனி கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து மறுபடி இழுத்தேன். நாய் மறுபடி குரைத்தது. இப்படியே நாயும் நானுமாக ஒரு இருபது நிமிடம் போனது.

இரும்பு அறுப்பது எனக்குப் புதிதல்ல. மிசிசாகாவில் ஒரு பட்டறையில் பதினொரு வருடமாக அதுதான் என் வேலை. குழாய், கம்பி, தகடு என்று ஒரு நாளைக்கு எத்தனையோ வெட்டுகிறேன். ஆனால் அன்றைக்கு வியர்த்துக் கொட்டியது. மனைவி வதனி வேலையால் வருவதற்குள் முடிக்கவேண்டும் என்ற அவசரம் வேறு.

கடைசியில் குழலின் முன்பாதி அறுந்து சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டது. அந்தச் சத்தத்துக்கு மட்டும் நாய் குரைக்கவில்லை.

அப்போதுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். அரத்தை எடுத்து, வெட்டிய விளிம்பைச் சுற்றிவரத் தேய்த்தேன். உள்விளிம்பை உருட்டு அரத்தால் தேய்த்தேன். பிறகு எமரித் தாளை மடித்து ஒரு சுற்று. விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. மனதுக்குத் திருப்தியாகவும் இருந்தது. குப்பைக்குப் போகப்போகிற இரும்புக்கு எதற்கு இந்தச் சோடனை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஃபர்னஸுக்கு மேலே

துவக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லவேண்டும்.

அப்போது நாங்கள் ஸ்காபுரோவில் ஒரு பழைய வீட்டை வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. முன்பு அதில் இருந்தவர் தனியாளாக வாழ்ந்து இறந்துபோன ஒரு கிழவர். பிள்ளைகள் எங்கேயோ மேற்கே. வீட்டை விற்றார்களே தவிர ஒழுங்காகக் காலிசெய்யவில்லை. பேஸ்மென்டில் அவருடைய பனிச்சறுக்குக் கட்டைகளும் தகர டப்பாக்களும் அப்படியே கிடந்தன.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கு மேலே கூரைப் பலகை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிப்படுத்தலாம் என்று ஏணியில் ஏறிக் கையை விட்டேன். கம்பளியில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று கையில் பட்டது. தூக்கிய உடனேயே என்ன என்று தெரிந்துவிட்டது. எங்கள் வயதுக்காரருக்கு அந்தப் பாரம் தெரியும்.

பழைய காலத்து வேட்டைத் துவக்கு. குழலுக்குக் கீழே ஒரு மரப்பிடி. அதைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். நிறுத்தி வைத்தால் என் நெஞ்சுக்கு மேலே வரும். உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பார்த்தபோது மரப்பிடி சறுக்கி 'கிளிக் களக்' என்று ஒரு சத்தம் போட்டது. நான் ஏணியிலிருந்து இறங்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த நாட்டில் பிறந்த ஒருவர் என்ன செய்திருப்பார்? பொலிசுக்கு ஃபோன் எடுத்து, வாங்கிய வீட்டில் இப்படி ஒன்று கிடக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டுக் கோப்பி குடித்திருப்பார். எனக்கு அந்த யோசனை ஒரு விநாடிகூட வரவில்லை. பொலிசைக் கூப்பிட்டு நானே துவக்கைக் காட்டுவதா? மூளை பிசகியவன்கூடச் செய்யமாட்டான் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அதோடு இன்னொரு விசயம். வதனி எனக்கு முன்பே குடியுரிமை எடுத்துவிட்டாள். என்னுடைய ஃபைல் எங்கேயோ இழுபட்டு, ஒருவழியாகச் சோதனையும் பாஸ் பண்ணி, சத்தியப்பிரமாணத்துக்கு நாள் வரும் வரும் என்று காத்திருந்தேன். வழக்கு ஒன்று விழுந்தால் அது நிற்கும். தண்டனை விழுந்தால் நாட்டைவிட்டே அனுப்பலாம். மீன்சந்தை வரிசையில் நின்று கதைக்கிற எவருக்கும் இது தெரியும்.

வீட்டைத் துப்புரவாக்குவது

யாழ்ப்பாணத்தில் ஆமி வீடு வீடாகச் சோதனை போடும் சுற்றிவளைப்பு வரப்போகிறது என்று கதை அடிபட்டால், எங்கள் வீட்டில் முதல் வேலை வீட்டைத் துப்புரவாக்குவது. தும்புத்தடி எடுத்துக் கூட்டுவதைச் சொல்லவில்லை; இயக்கத்தோடு தொடர்பு என்று பிடிக்கக்கூடியதை எல்லாம் இல்லாமலாக்குவது. பச்சை நிறச் சட்டையை அடுப்பில் போடுவோம். பற்றரியை உடைத்து வாழையடியில் புதைப்போம். யாரோடு நின்று எடுத்தது என்று சொல்லமுடியாத படங்களைக் கிழிப்போம். அப்பா ஒருமுறை நல்ல ரேடியோ ஒன்றைத் திருப்புளியால் கழற்றி, பாகம் பாகமாகக் கிணற்றுக்குள் போட்டார். போடும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம் வந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

முழுதாக ஒன்றும் வீட்டில் இருக்கக்கூடாது. அதுதான் சட்டம். முழுதாக இருந்தால் அது ஒரு பொருள், அதற்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான். துண்டாகிவிட்டால் அது வெறும் குப்பை.

அப்படித் துப்புரவாக்கியும் ஒரு சுற்றிவளைப்பில் அண்ணனைக் கொண்டுபோனார்கள். அவருக்குப் பத்தொன்பது வயது. எனக்குப் பத்து. அவர் திரும்பி வரவில்லை.

ஆகவே ஸ்காபுரோ பேஸ்மென்டில் நான் ஒன்றும் யோசித்து முடிவெடுக்கவில்லை. கை தானாக வாளைத் தேடியது. ஐந்து துண்டாக அறுப்பது, வாரத்துக்கு ஒரு துண்டாகப் பழைய இரும்போடு போடுவது. இதுதான் திட்டம். முதல் வெட்டு முடிந்ததும் வதனியின் கார்ச் சத்தம் கேட்டது. இரண்டு துண்டையும் கம்பளியில் சுற்றிப் பனிக்காலக் கார் ரயர்களுக்குப் பின்னால் செருகினேன்.

மரெக் சாப்பாட்டை நிறுத்தினான்

பட்டறையில் என் பக்கத்து மெஷினில் நிற்பவன் மரெக். போலந்துக்காரன். இலையுதிர் காலம் வந்தால் லீவு போட்டுவிட்டு வாத்து வேட்டைக்குப் போகிறவன். திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது அவனிடம் மெல்லக் கதை கொடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் இப்படி ஒன்று கிடைத்ததாம், பாவம், அறுத்து எறியப் பார்க்கிறாராம் என்றேன்.

மரெக் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். குழல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று கேட்டான். நான் கையை விரித்துக் காட்டினேன். அவன் பொக்கெட்டிலிருந்து அளவு நாடாவை இழுத்து என் இரண்டு கைகளுக்கும் நடுவே பிடித்தான். பதினாலு அங்குலம் காட்டியது.

பிறகு அவன் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துவக்கு முழுதாக இருந்தபோது அது வெறும் பழைய வேட்டைத் துவக்கு. ஒரு ஃபோன் எடுத்திருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். பதினெட்டு அங்குலத்துக்குக் கீழே குழலை அறுத்தால் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். வங்கிக் கொள்ளைக்காரர் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போகத்தான் அப்படி அறுப்பார்கள். அறுப்பதே ஒரு குற்றம், அதை வீட்டில் வைத்திருப்பது இன்னொரு குற்றம்.

உன் நண்பன் பெரிய மடையன் என்று அவனிடம் சொல், என்றான்.

நான் துண்டாக்கினால் குப்பையாகும் என்று நினைத்தேன். இங்கே துண்டாக்கியதால்தான் அது ஆயுதமாகியிருக்கிறது. ஊரில் தப்புவதற்குச் செய்ததையெல்லாம் இங்கே செய்து மாட்டிக்கொண்ட என்னை என்னவென்று சொல்வது?

இதைத் திருத்த முடியாதா என்று கேட்டேன். மரெக் யோசித்தான். அந்தக் காலத்துத் துவக்குகளில் குழலைத் திருகினால் கழன்று வரும், அதே மாதிரியில் வேறு குழல் கிடைத்தால் மாட்டலாம் என்றான். சொன்ன உடனேயே, தன் வாயைத் துடைத்துக்கொண்டு, மாற்றினாலும் செய்தது செய்ததுதான், உன் நண்பனுக்கு லைசென்ஸும் கிடையாது, வக்கீலைப் பார்க்கச் சொல் என்றான்.

அடுத்த நாளிலிருந்து அவன் என்னோடு சாப்பிட உட்காரவில்லை. எனக்குக் கோபமாகவும் இருந்தது, அவன் செய்தது சரி என்றும் இருந்தது.

இருப்புக் கொள்ளாத நாட்கள்

வக்கீலை யார் பார்த்தது? நான் குழல் தேடினேன். மத்தியானம் பட்டறைக் கழிவறைக்குள் நின்று ஃபோனில் பழைய துவக்குக் குழல்களின் விளம்பரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். என்னுடைய துவக்கின் மாதிரி எது என்றுகூட எனக்குத் தெரியாது. முப்பது அங்குலம், இருபத்தெட்டு அங்குலம், துருப்பிடித்தது, துருப்பிடிக்காதது என்று பெண் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

வீட்டில் ஒரு இடத்தில் இருக்கமுடியவில்லை. ரயர்களுக்குப் பின்னால் இருந்ததைப் பேஸ்மென்டுக்குக் கொண்டுபோனேன். பேஸ்மென்டிலிருந்து காருக்கு. காரில் ஏற்றிய பிறகு, ரூஜ் ஆற்றில் போட்டால் என்ன என்று நினைத்து அந்தப் பக்கம் ஓடினேன். பாலத்தடியில் ஒரு குடும்பம் வாத்துக்குப் பாண் போட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்தேன். வரும் வழியெல்லாம் கண்ணாடியில் பொலிஸ் கார் தெரிகிறதா என்று பார்த்ததில் இரண்டு சிவப்பு விளக்கைத் தவறவிடப் பார்த்தேன். ஆயுதத்தோடு தெருவில் ஓடியது மூன்றாவது குற்றம் என்று பிறகுதான் தெரிந்தது.

சாப்பாடு இறங்கவில்லை. நாளுக்குப் பத்துத் தடவை ஈமெயில் பார்த்தேன், சத்தியப்பிரமாணத்துக்கு அழைப்பு வந்ததா என்று. வரவேண்டும் என்றும் இருந்தது, இப்போதைக்கு வரக்கூடாது என்றும் இருந்தது.

வதனியைக் கடைசியில் ஃபோன்தான் என்னிடம் கூட்டிவந்தது. நாங்கள் இருவரும் ஃபோனில் ஒரே இணையக் கணக்கைப் பாவிக்கிறோம். அவள் கறிவேப்பிலைச் செடி தேட, அவளுடைய திரையில் துவக்குக் குழல் விளம்பரமாக வந்து கொட்டியிருக்கிறது.

"என்னப்பா உது?" என்று நீட்டினாள்.

அவளைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கம்பளியை விரித்தேன். வதனி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். சாவு, இரத்தம் ஒன்றுக்கும் பதறமாட்டாள். துவக்கைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போய்ச் சுவரோடு நின்றாள். நான் நடந்தது முழுவதையும் சொன்னேன்.

"முழுசா இருக்கேக்க எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

சத்தியப்பிரமாணம் முடியட்டும், பிறகு பொலிசுக்குச் சொல்லுவம் என்றேன்.

"சத்தியம் பண்ணப்போற வாயால உதைச் சொல்லாதேங்கோ," என்றாள். கோபப்பட்டால் அவள் குரல் தணியும். அன்றைக்கு மிகவும் தணிந்திருந்தது.

வக்கீல் சொன்னது

மார்க்கம் நகரத்தில் ஒரு தமிழ் வக்கீலை வதனியே பிடித்தாள். அவர் நாங்கள் சொன்னதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். இனி அதைத் தொடவே வேண்டாம், எங்கேயும் கொண்டுபோக வேண்டாம், தானே பொலிசுடன் கதைத்து வீட்டுக்கு வந்து எடுக்க ஒழுங்குபண்ணுகிறேன் என்றார். வழக்குப் போடுவதும் விடுவதும் அவர்கள் கையில், தன்னால் உறுதி சொல்ல ஏலாது என்றும் சொன்னார்.

என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். பயந்துவிட்டேன் என்று சொல்லலாம், அதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். எங்கட ஆக்கள் கதைச்சுத்தான் கெடுகிறது என்றார்.

சாப்பாட்டு மேசையில்

வந்தவர்கள் இரண்டு பேர். இளம் பொலிஸ்காரர் கராஜில் நின்று துவக்கைப் படம் எடுத்தார். மூத்தவர் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கலாம், நரைத்த கட்டை மயிர். உள்ளே வரும்போது சப்பாத்தைக் கால்துடைப்பியில் நீண்ட நேரம் துடைத்தார். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். என் ஆங்கிலம் பட்டறைக்குப் போதும், பொலிசுக்குக் காணாது. வதனி நடுவில் இருந்து மொழிபெயர்த்தாள்.

துவக்கு யாருடையது என்று கேட்டார். சொன்னேன். அறுத்தது யார்? நான். எதற்காக? துண்டாக்கி எறிய. எல்லாவற்றையும் சின்னக் கொப்பியில் எழுதினார்.

பிறகு பேனையை நிறுத்தினார். கராஜில் அவர் கையுறை போட்ட விரலால் குழல் வாயைத் தடவியதை நான் பார்த்திருந்தேன். எறிய நினைத்தவர் விளிம்பை எதற்கு இவ்வளவு கவனமாகத் தேய்த்தார் என்று கேட்டார். பாவிக்க நினைக்கிறவன்தான் அப்படிச் செய்வான் என்றார்.

வதனி எனக்குச் சொல்வதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. என்ன சொல்வது? உண்மையைத்தான் சொல்ல முடிந்தது. வெட்டினால் பிசிறு எடுக்கவேண்டும், எடுக்காவிட்டால் அடுத்தவன் கை கிழியும், பதினொரு வருடமாக இந்தக் கை அதைத்தான் செய்கிறது, குப்பை அள்ள வருகிறவனுக்கும் கைதானே என்றேன். அவர் என் விரல்களைப் பார்த்தார். பழைய வெட்டுக் காயங்கள் எல்லாம் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தன. எழுதினார்.

அடுத்த கேள்வி, ஏன் எங்களுக்கு ஃபோன் எடுக்கவில்லை.

நான் வாய் திறக்குமுன் வதனி வக்கீல் சொன்னதைச் சொல்லிவிட்டாள், அவர் பயந்துவிட்டார் என்று. அது போதும் என்றுதான் பொலிஸ்காரியும் நினைத்திருக்கவேண்டும். எழுதிவிட்டுப் பேனையை மூடினார்.

எனக்குள் ஏதோ கிடந்து துடித்தது. இவ்வளவு நாளும் என்னை ஒரு இடத்தில் இருக்கவிடாமல் அலைத்ததும் அதுதான். நான் தமிழில் கதைக்கத் தொடங்கினேன். வதனி என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் நிறுத்தவில்லை. அவளுக்கும் வேறு வழி இல்லாமல் ஒவ்வொரு வசனமாகப் பின்னால் மொழிபெயர்த்துக்கொண்டு வந்தாள்.

சுற்றிவளைப்பில் எங்கள் வீட்டுக்கு வந்த ஆமிக்காரன் பாயைத் தூக்கி உதறினான் என்றேன். அதற்குள்ளிருந்து ஒரு வெற்றுக் கோது விழுந்தது, வெடித்து முடிந்த துவக்கு ரவையின் பித்தளைக் கோது. அதன் வாயில் உதட்டை வைத்து ஊதினால் விசில் வரும். எங்கள் ஒழுங்கையில் எல்லாப் பெடியளிடமும் இருந்தது. அவன் அதைத் தூக்கிப் பிடித்து, ஆருடையது என்று கேட்டான். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு தன்னுடையது என்று சொன்னார்.

இதுவரை வதனி மொழிபெயர்த்துவிட்டாள்.

"அந்தக் கோது என்ரை," என்றேன்.

அவள் மொழிபெயர்க்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அண்ணனை ஆமி கொண்டுபோனது என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு மட்டுமா? அப்பா சாகும்வரை அண்ணன்மேல் கோபமாக இருந்தார். எங்கேயோ பொறுக்கிக்கொண்டுவந்து தன்னையும் கெடுத்து எங்களையும் கெடுத்தான் என்று ஏசுவார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டிருக்கிறேன். அம்மா அண்ணனைத் தேடி ஏறாத முகாம் இல்லை, பொலிஸ் நிலையம் இல்லை. ஒரு இடத்திலும் அம்மாவின் முறைப்பாட்டை எழுதிக்கொள்ளவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

துவக்கின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். மூன்று வாரம் கழித்து வக்கீல் ஃபோன் எடுத்தார். வழக்கு இல்லை, துவக்கை அழித்துவிடுவார்கள் என்றார். அந்தக் கோடையில் நான் சத்தியப்பிரமாணமும் செய்தேன். நான் கதைத்ததால் விட்டார்களா, கதைத்தும் விட்டார்களா என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. மேசையில் இருந்தபோது இதில் ஒன்றும் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பொலிஸ்காரி காத்திருந்தார். வதனி முகத்தைத் துடைத்துக்கொண்டு நான் சொன்னதை மிக மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் வருந்துகிறேன் என்றார். பிறகு, இது இந்த விசாரணைக்குத் தேவையில்லாத விசயம், தான் எழுதத் தேவையில்லை என்று சொல்லி எழும்பப் பார்த்தார்.

"எழுதச் சொல்லும்," என்றேன் வதனியிடம்.

"அது தேவையில்லையாமப்பா."

"தேவையில்லாட்டிலும் எழுதச் சொல்லும். அண்ணன்ரை பேரைப் போட்டு, கோது அவரின்ரை இல்லை, என்ரை எண்டு எழுதச் சொல்லும்."

வதனி சொன்னாள். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மீண்டும் உட்கார்ந்து, பேனையைத் திறந்து, அண்ணனின் பெயரைக் கேட்டார். பாலகிருஷ்ணன் என்று வதனி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதிவிட்டுக் கொப்பியை என் பக்கம் திருப்பி, சரிதானா என்று பார்க்கச் சொன்னார்.

ஆங்கிலத்தில் இரண்டே வரி. நான் இரண்டு தரம் வாசித்தேன். சரி என்று சொல்லிக் கீழே கையெழுத்து வைத்தேன்.